திடீர் கணைய அழற்சி: நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பதே பலருக்கு அது வீங்கிய பிறகுதான் தெரியவருகிறது. மேல்வயிற்று வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'கணையத்தில் அழற்சி' என்று சொல்லி வார்டில் சேர்த்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்படும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. பொதுவான விளக்கம் இது. உங்கள் நோயாளிக்கு என்ன பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கணையம் எங்கே இருக்கிறது? அதற்கு என்ன வேலை?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 15 செ.மீ., எடை 100 கிராமுக்குள். இன்சுலினைச் சுரப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆனால் கணையத்தின் பெரும்பகுதி வேறொன்றைத்தான் செய்கிறது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் நொதிகள், அதாவது என்சைம்கள், கலந்த நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் சுரந்து முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கணையக் குழாயும் பித்தக் குழாயும் ஒரே வாய் வழியாகத்தான் குடலில் திறக்கின்றன. பித்தப்பைக் கல்லுக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு விடை அந்த ஒரே வாயில் இருக்கிறது.

'கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது' என்கிறார்களே, அது எப்படி?

1896-இல் ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்கூறு மருத்துவர் சொன்ன கருத்து இது. முழுக் கதை இல்லையென்றாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது.

புரதத்தை அறுக்கும் டிரிப்சின், கணைய செல்லுக்குள் டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில்தான் தயாராகிறது. குடலுக்குப் போன பிறகு அங்குள்ள இன்னொரு நொதி அதன் ஒரு துண்டை வெட்டிவிட்டால்தான் அது வேலை செய்யும். தவறிப்போய் உள்ளேயே கொஞ்சம் விழித்துக்கொண்டால் அதைப் பிடித்து முடக்க ஒரு காவல் புரதமும் கணையத்தில் உண்டு. நோய் வரும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. குழாய் அடைபட்டாலோ, மதுவின் நச்சு தாக்கினாலோ, கணைய செல்லுக்குள் கால்சியம் ஏறி, இறங்காமல் நிற்கிறது. நொதிகள் இருக்கும் பைகளும், செல்லின் கழிவை அரைக்கும் பைகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. கழிவுப் பையில் இருக்கும் கெதெப்சின் பி என்ற நொதி டிரிப்சினோஜனை வெட்டிவிட, டிரிப்சின் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொண்டு மற்ற நொதிகளையும் கிளப்பிவிடுகிறது.

இதற்கு நல்ல சான்று 1996-இல் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கணைய அழற்சி வரும் குடும்பங்களில் டிரிப்சினோஜன் மரபணுவிலேயே மாற்றம் இருப்பது அப்போது கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களுடைய டிரிப்சினை அணைப்பது கடினம்.

ஆனால் டிரிப்சின் தொடங்கி வைப்பதோடு சரி. நோயாளியை ஐசியுவுக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகு வரும் அழற்சி அலை. அடிபட்ட செல்கள் அனுப்பும் சமிக்ஞைகளால் வெள்ளணுக்கள் குவிகின்றன, உடலெங்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள்ளும் திசுக்களுக்குள்ளும் போய்விடுகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீர் குறைகிறது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது. கசிந்த லைபேஸ் என்ற கணைய நொதி சுற்றியிருக்கும் கொழுப்பைக் கரைத்தால் வெளிவரும் கொழுப்பு அமிலம், கால்சியத்தோடு சேர்ந்து உண்மையிலேயே சோப்பாக மாறிவிடும். வயிற்றைத் திறந்து பார்க்கும் அறுவை மருத்துவருக்குக் கொழுப்பின் மேல் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். கடுமையான நோயில் ரத்தக் கால்சியம் குறைவதற்கும் இது ஒரு காரணம்.

அப்படியானால் டிரிப்சினை அடக்க ஒரு மருந்து கொடுத்தால் போதாதா?

பல முறை முயன்று பார்த்தாயிற்று, உறுதியான பலன் இல்லை. நோயாளி வலியோடு வந்து சேர்வதற்குள் டிரிப்சின் தன் வேலையை முடித்திருக்கும். இந்த நோய்க்கென்று குறிவைத்துக் கொடுக்க இன்று தனி மருந்து கிடையாது. இதைக் கேட்டதும் வீட்டார் முகம் வாடிவிடும், புரிகிறது. ஆனால் பெரும்பாலான கணையங்கள், தேவையானதைச் செய்து, தேவையில்லாததைத் தவிர்த்தால், தானாகவே ஆறிவிடுகின்றன. கடந்த 20 ஆண்டுகளில் இந்த நோயில் வந்த நல்ல ஆய்வுகளில் பல, நாம் அவசரப்பட்டு அதிகமாகச் செய்துகொண்டிருந்தோம் என்றே காட்டின. கீழே அது திரும்பத் திரும்ப வரும்.

வெறும் கேஸ் வலி இல்லை என்று எப்படிக் கண்டுகொள்வது?

வலி மேல்வயிற்றின் நடுவில் அல்லது இடப்பக்கம் வரும். பாதிப் பேருக்கு முதுகுக்கும் பாயும். மெல்ல மெல்லக் கூடாமல் சீக்கிரமே உச்சிக்குப் போய், மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். கேஸ் வலியானால் ஏப்பத்தோடு குறையும், வாந்தி எடுத்தால் லேசாகும். இது வாந்திக்குப் பிறகும் குறையாது. மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், இது வேறு என்று சந்தேகிக்க வேண்டும். மாரடைப்பும் குடல்புண் ஓட்டையும் கிட்டத்தட்ட இதே வலியைத் தரலாம். அதனால்தான் வயிற்று வலிக்கு எதற்கு ஈ.சி.ஜி. என்று கேட்கும்படி அதையும் எடுக்கிறார்கள்.

காரணம் என்ன? எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லையே!

கணைய அழற்சி என்றாலே குடி என்று முடிவுகட்டுவதால் எத்தனையோ பேர் வீண்பழி சுமக்கிறார்கள். பல நாடுகளில் முதலிடம் பித்தப்பைக் கல்லுக்குத்தான்.

1901-இல் யூஜின் ஓபி என்ற அமெரிக்க மருத்துவர், இந்த நோயால் இறந்தவரின் உடலில், குழாய்கள் இரண்டும் சேரும் அந்த வாயிலேயே ஒரு சிறு கல் சிக்கியிருப்பதைக் கண்டார். சிறிய கல்தான் இங்கே பெரிய ஆபத்து. பெரிய கல்லால் பித்தப்பையை விட்டு எளிதில் வெளியேற முடியாது. சில மில்லிமீட்டர் கல், சில சமயம் பித்த வண்டல் மட்டுமே, நழுவி வந்து வாயில் சற்று நேரம் நின்றாலே போதும். பெரும்பாலும் அது தானாகவே குடலில் விழுந்துவிடும், ஆனால் அதற்குள் கணையம் சூடேறியிருக்கும். 'ஸ்கேனில் குழாயில் கல்லே இல்லையே, பிறகு எப்படிக் கல்தான் காரணம் என்கிறீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி முதல் இரண்டு நாட்களில் 150-ஐத் தாண்டியிருந்தால் கல்லின் மேல் சந்தேகம் மிக வலுவாகிறது.

மது எந்த அளவுக்கு மேல் ஆபத்து?

பொதுவாக, தினமும் நான்கைந்து அளவைக்கு (டிரிங்க்) மேல், ஐந்து ஆண்டுகளுக்கும் கூடுதலாகக் குடித்தவர்களிடம் பார்க்கிறோம். ஒரு விருந்தில் குடித்ததால் மட்டும் வருவது அபூர்வம். அதே நேரம், அதிகம் குடிப்பவர்களிலும் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகவே இது வருகிறது. எனவே மரபணு, கொழுப்பு, புகைபிடித்தல் போன்ற வேறு ஏதோ கூடச் சேர வேண்டும். புகைபிடிப்பது தனியாகவே ஆபத்தைக் கூட்டும். மதுவை விட்டவர் சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். பீரா, ஒயினா, விஸ்கியா என்பதெல்லாம் கணையத்துக்கு ஒன்றுதான். உடலுக்குள் போகும் ஆல்கஹாலின் அளவைத்தான் அது பார்க்கும்.

கல்லும் இல்லை, மதுவும் இல்லை என்றால்?

முதலில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைப் பார்க்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1000 மி.கி.-ஐத் தாண்டினால் கணையத்தைத் தாக்கலாம். பரிசோதனைக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சற்று நேரம் வைத்தால் மேலே தேங்கும் நீர், மஞ்சளாக இல்லாமல் பாலாக வெளுத்திருக்கும். லேப் ஊழியர்தான் பல சமயம் இதை முதலில் கவனிக்கிறார். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், கர்ப்பம், பரம்பரைக் குறை ஆகியவை பின்னணியில் இருக்கலாம். இந்த ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதிக்கான பரிசோதனை ஏமாற்றி, சரியாக இருப்பதாகக் காட்டிவிடுவதும் உண்டு.

அப்புறம் கால்சியம் கூடுதல், அதற்குப் பின்னால் பெரும்பாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. மருந்துகளில் அசதயோபிரின், வால்புரோயேட், எல்-அஸ்பராஜினேஸ் போன்றவை. வயிற்றில் அடிபடுவது, குறிப்பாக சைக்கிள் கைப்பிடி குத்திய பிள்ளைகள். பொன்னுக்குவீங்கி வைரஸ். நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தைத் தாக்கும் வகை. டிரினிடாட் தீவில் ஒரு தேள் கொட்டினால்கூட வரும், மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காக மறக்காமல் வைத்திருக்கும் தகவல் அது.

நாற்பது வயதைக் கடந்தவருக்குக் காரணம் தெரியாமல் வந்தால், குழாயை அடைக்கும் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்யாமல் கோப்பை மூடக்கூடாது. எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட், வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேன் தவறவிட்ட பொடிக் கற்களையும் காட்டிக்கொடுக்கும்.

லைபேஸ் 3000 என்று வந்திருக்கிறது. நோய் மிகவும் கடுமையா?

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதற்குரிய வலி, லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் இருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி என்று சொல்லிவிடலாம். அந்த எண்ணின் வேலை அத்தோடு முடிந்தது. 3000 உள்ளவர் மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம், 600 உள்ளவர் ஐசியுவில் இருக்கலாம். தினமும் லைபேஸ் எடுத்து 'இறங்குகிறதா' என்று பார்ப்பதால் யாருக்கும் பயனில்லை.

சிடி ஸ்கேன் உடனே எடுக்கவில்லை. கவனக்குறைவா?

பெரும்பாலும் இல்லை, நல்ல நிதானம். கணையத்தின் எந்தப் பகுதி செத்துப்போயிருக்கிறது என்பது முதல் நாள் சிடியில் தெளிவாகத் தெரியாது, மூன்று நாளாவது ஆக வேண்டும். நோய் உறுதியாகத் தெரியாதபோதோ, நோயாளி தேறாதபோதோ எடுப்பதுதான் பொருத்தம். ஆனால் பித்தப்பையைப் பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே வேண்டும். அது எடுக்கப்படவில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

லேசானதா, கடுமையானதா என்று எப்போது தெரியும்?

முதல் 48 மணி நேரம் முக்கியம். 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி, உறுப்பு எதுவும் செயலிழக்காமல், கணையத்தைச் சுற்றிச் சிக்கலும் இல்லாவிட்டால் லேசானது. சிக்கல் இருந்தாலோ, உறுப்புச் செயலிழப்பு வந்து 48 மணி நேரத்துக்குள் சரியானாலோ நடுத்தரம். நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் இவற்றில் ஒன்றாவது 48 மணி நேரத்துக்கு மேலும் தேறாமல் இருந்தால் கடுமையானது. ஐந்தில் நான்கு பேருக்கு லேசாகவே வந்து ஒரு வாரத்துக்குள் ஆறிவிடுகிறது. உறுப்புச் செயலிழப்பு நீடிக்கும் சிலருக்குத்தான் உயிராபத்து, அது சிறிய ஆபத்தும் இல்லை. எந்தக் கணக்கீட்டு முறையாலும் முதல் நாளே முழு உறுதியோடு சொல்ல முடியாது. 'நாளை மறுநாள் சொல்கிறேன்' என்று மருத்துவர் சொன்னால் அது மழுப்பல் அல்ல.

முதல் நாளில் என்ன சிகிச்சை?

நீர்தான். நரம்பு வழியாக, முடிந்தால் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். எவ்வளவு என்பதில்தான் எண்ணம் மாறியிருக்கிறது. நிறைய ஏற்று, வேகமாக ஏற்று என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வில் ஒரு குழுவுக்குக் கிலோ எடைக்கு 20 மி.லி. வேகமாகக் கொடுத்து, பிறகு கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி. வீதம் தொடர்ந்தார்கள். இன்னொரு குழுவில் நீர் வற்றியிருந்தவர்களுக்கு மட்டும் முதலில் கிலோவுக்கு 10 மி.லி., பிறகு எல்லோருக்கும் கிலோவுக்கு மணிக்கு 1.5 மி.லி. வேகமாக ஏற்றியதால் நோய் குறையவில்லை. உடலில் நீர் கூடிப்போவதுதான் அதிகமானது: ஒரு பக்கம் 20.5 சதவீதம், மறுபக்கம் 6.3. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்காக நீரைக் குறைத்துக் காயப்போடுவது தவறு. சிறுநீர் அளவு, நாடித் துடிப்பு, யூரியா, ரத்தத்தின் கெட்டித்தன்மை ஆகியவற்றைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

வலிக்கு மார்ஃபின் போன்றவற்றைக் கொடுக்கக்கூடாது என்பார்களே?

குழாய்கள் குடலில் திறக்கும் அந்த வாயைச் சுருக்கி நோயைக் கூட்டிவிடும் என்ற பழைய பயம். நோயாளிகளிடம் அப்படி நடப்பதாகச் சான்று இல்லை. இந்த வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை.

எத்தனை நாள் பட்டினி?

ஒரு நாளும் கட்டாயம் இல்லை! கணையத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நாட்கணக்கில் வாயைக் கட்டிய காலம் போய்விட்டது. உணவே போகாத குடலின் உட்சுவர் மெலிந்து, அங்குள்ள கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைய வழி கிடைக்கிறது. லேசான நோயில், வாந்தி அடங்கிப் பசி எடுத்ததும், கொழுப்புக் குறைந்த மென்மையான உணவைக் கொடுக்கலாம். தண்ணீர், கஞ்சி, குழைவு என்று படிப்படியாக ஏற வேண்டியதில்லை, லைபேஸ் இறங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய். அதையும் முதல் நாளே போட அவசரமில்லை, மூன்று நாட்கள் பார்த்துவிட்டுப் போட்டாலும் பலன் ஒன்றே என்று 2014-இல் வந்த பைதான் ஆய்வு காட்டியது. நரம்பு வழி உணவு கடைசித் தேர்வு, அதில் தொற்று அதிகம்.

நல்லது என்று நினைத்துக் கொடுப்பது கெடுதலாவதும் உண்டு. கடுமையான நோயாளிகளுக்கு நல்ல கிருமிகள் கொண்ட புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம்.

காய்ச்சல் இருக்கிறது. ஏன் ஆன்டிபயாடிக் போடவில்லை?

முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியால் வருவது, கிருமியால் அல்ல. முன்கூட்டியே போடும் ஆன்டிபயாடிக் பின்னால் வரும் தொற்றைத் தடுப்பதில்லை, அதற்கு அடங்காத கிருமிகளுக்கு இடம்விடுகிறது. செத்த திசுவில் தொற்று ஏற்பட்டால், பித்தக் குழாயில் சீழ் பிடித்தால், நுரையீரலில் தொற்று வந்தால் கண்டிப்பாக வேண்டும்.

குழாயில் கல் இருந்தால் உடனே ஈ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியாகப் பித்தக் குழாய்க்குள் போய் அடைப்பை நீக்குவது) செய்ய வேண்டுமா?

காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாகப் பித்தக் குழாயில் தொற்று இருந்தால் ஒரு நாளுக்குள் செய்ய வேண்டும். அந்தத் தொற்று இல்லையென்றால் அவசரம் தேவையில்லை, நோய் கடுமையாகும் என்று கணிக்கப்பட்டவர்களுக்கும் அவசர ஈ.ஆர்.சி.பி. பயன் தரவில்லை. இன்னொன்று: ஈ.ஆர்.சி.பி.யே கணைய அழற்சியைக் கிளப்பிவிடக்கூடியது. அதைக் குறைக்க ஆசனவாயில் இண்டோமெதசின் மாத்திரை வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 2012-இல் நடந்த ஆய்வில் அது 16.9 சதவீதத்தை 9.2 ஆக்கியது.

பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். வலி போய்விட்டதே, ஒரு மாதம் கழித்துச் செய்யலாமா?

இங்கே மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நோய் லேசாக இருந்தவர்கள் அதே அட்மிஷனில் எடுத்துவிடுவது நல்லது. 2015-இல் வந்த போன்சோ ஆய்வில், ஒரு மாதம் தள்ளியவர்களில் 17 சதவீதம் பேர் கல் தொடர்பான சிக்கலோடு திரும்பி வந்தார்கள் அல்லது இறந்தார்கள், உடனே எடுத்தவர்களில் 5 சதவீதம். கணையத்தைச் சுற்றி நீரோ செத்த திசுவோ தேங்கியிருந்தால் கதை வேறு. அது அடங்கும்வரை, பெரும்பாலும் சில வாரங்கள், காத்திருக்கத்தான் வேண்டும்.

கணையத்தில் ஒரு பகுதி செத்துப்போனதாம். வயிற்றைத் திறந்து எடுத்துவிட வேண்டாமா?

அப்படித்தான் செய்தார்கள், பலர் மேசையிலிருந்து இறங்கிய பிறகு தேறவே இல்லை. செத்த திசுவில் கிருமி இல்லையென்றால், தொந்தரவும் இல்லையென்றால், அதைத் தொட வேண்டியதில்லை. உடலே மெல்லக் கரைத்துவிடும்.

கிருமி புகுவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு. ஆறி வந்த நோயாளி மறுபடி காய்ச்சலோடு சோர்ந்துபோவார், சிடியில் அந்தத் தேக்கத்துக்குள் காற்றுக் குமிழ்கள் தெரியலாம். அப்போதும் முதலில் ஆன்டிபயாடிக், முடிந்தால் நான்கு வாரம்வரை பொறுமை. அதற்குள் தேக்கத்தைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்ளும், உள்ளிருக்கும் திசு குழைந்துவிடும், எடுப்பது எளிது. பிறகு வெளியிலிருந்து ஒரு குழாய், அல்லது எண்டோஸ்கோப் வழியாக இரைப்பைச் சுவரில் துளையிட்டு வடித்தல். அதிலும் தீராவிட்டால்தான் சிறு துளை வழியாகத் திசுவை எடுப்பது. இந்தப் படிப்படியான முறையைச் சோதித்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு வடிகுழாயோடு வேலை முடிந்தது. 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வடிப்பதையே தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். 39 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன சாப்பிடலாம்? மறுபடி வருமா?

சில வாரங்களுக்குக் கொழுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவது வசதியாக இருக்கும். கல்தான் காரணம், பித்தப்பையும் எடுத்தாயிற்று என்றால் ஆயுளுக்கும் பத்தியம் தேவையில்லை. கணையத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கும் கஷாயங்களும் பொடிகளும் வேண்டவே வேண்டாம்.

ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, காரணத்தைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அதிகம். மது காரணமென்றால் 'அளவோடு' என்ற பேச்சுக்கு இடமில்லை, முழுமையாக விட வேண்டும், உதவி கேட்டாவது. ட்ரைகிளிசரைடு காரணமென்றால் மருந்தும் சர்க்கரைக் கட்டுப்பாடும் தொடர்ந்து வேண்டும்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: லேசாக வந்து போனவர்களுக்கும் பின்னால் சர்க்கரை நோய் வரலாம். சில மாதம் கழித்தும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலம் எண்ணெய்ப்பசையோடு மிதந்தால், எடை குறைந்தால், கணைய நொதி குறைந்திருக்கலாம். அதற்கான மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவே விழுங்க வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பாதி வீண்.

எப்போது உடனே திரும்ப ஓடிவர வேண்டும்?

அதே வலி மறுபடி வந்தால், வாந்தியால் எதுவும் உள்ளே தங்காவிட்டால், குளிர்காய்ச்சல், கண் மஞ்சளாவது, மூச்சுத் திணறல், சிறுநீர் மிகக் குறைவது, ரத்த வாந்தி அல்லது கறுத்த மலம், குழப்பமான பேச்சு. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் ஸ்கேன் படங்களையும் கையோடு எடுத்து வாருங்கள், அவசரப் பிரிவில் உங்கள் நோயாளியை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.